கறுப்பு ஏன் சாம்பலாகத் தெரிகிறது? எச்டிஎம்ஐ கேபிளில் வீடியோ டிரைவர் செய்யும் குழப்பம்

அவிநாசியில் டி-சர்ட் பிரிண்டுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கும் நண்பர் ஒருவர் பழைய 19 இஞ்ச் மானிட்டரை மாற்றிவிட்டு 24 இஞ்சில் புதிதாக ஒன்று வாங்கினார். பழையது விஜிஏ கேபிளில் ஓடிக் கொண்டிருந்தது. புதியதன் பெட்டிக்குள்ளேயே எச்டிஎம்ஐ கேபிள் இருந்தது. இணைத்தார், படமும் வந்தது. ஆனால் கறுப்பு கறுப்பாக இல்லை. திருநீற்றைக் கரைத்துத் திரை முழுக்கப் பூசியது போல ஒரு வெளிறல். வாங்கிய கடையில் கேட்டதற்கு, "இந்த பேனல் அப்படித்தானுங்க இருக்கும், ரெண்டு நாள் பார்த்தாக் கண்ணு பழகிருமுங்க" என்று சொல்லி அனுப்பி விட்டார்கள்.

கண்ணும் பழகிவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. கருநீலப் பின்னணியில் கறுப்பு நிழல்கள் கொண்ட ஒரு டிசைனை, அந்தத் திரையில் "சரியாக" தெரியும் வரை கருமையாக்கிக் கொண்டே போனார். சாம்பிள் அடித்துப் பார்த்தபோது கருநீலமும் கறுப்பும் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போய், நிழல் இருந்த இடம் வெறும் கரித்துணியாக இருந்தது. பையரிடமிருந்து சாம்பிள் திரும்பி வந்தது.

அந்த மானிட்டரில் ஒரு குறையும் இல்லை. பேனலிலும் இல்லை, கேபிளிலும் இல்லை. வீடியோ டிரைவரில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றியதும் கறுப்பு கறுப்பானது. இதே குறையோடு எத்தனையோ வீடுகளில் கம்ப்யூட்டர்கள் ஓடிக் கொண்டிருக்கின்றன. உங்கள் கம்ப்யூட்டரும் அவற்றில் ஒன்றா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரி செய்வது என்று பார்ப்போம்.

16-ம் 235-ம்

கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களால் ஆனது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். மூன்றும் 0 என்றால் முழுக் கறுப்பு. மூன்றும் 255 என்றால் முழு வெள்ளை. இது எல்லோருக்கும் தெரிந்ததே.

தொலைக்காட்சி உலகத்தின் கணக்கு வேறு. 1982-ல் டிஜிட்டல் வீடியோவுக்காக சிசிஐஆர் 601 என்ற தரம் வகுக்கப்பட்டபோது கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்று வைத்தார்கள். அன்றைய அனலாக் சிக்னல் சற்றே கீழும் மேலும் துள்ளும். அந்தத் துள்ளல் வெட்டுப்படாமல் இருக்க இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டார்கள். 0, 255 ஆகிய எண்களை நேரம் குறிக்கும் அடையாளங்களுக்கென்று ஒதுக்கினார்கள். டிவி, டிவிடி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் இந்த வழியிலேயே வந்தவை. இதை லிமிடெட் ரேஞ்ச் என்றும், கம்ப்யூட்டரின் 0-255 கணக்கை ஃபுல் ரேஞ்ச் என்றும் சொல்கிறார்கள்.

விஜிஏ, டிவிஐ கேபிள்கள் இருந்த காலம் வரை இந்த இரண்டு உலகங்களும் மோதிக் கொள்ளவில்லை. 2002 டிசம்பரில் வெளிவந்த எச்டிஎம்ஐ, டிவிக்காரர்கள் டிவிக்காக உருவாக்கிய இணைப்பு. பிறகு அதுவே மானிட்டர்களுக்கும் வந்து சேர்ந்தது. அதன் அடிப்படையான சிஇஏ-861 என்ற தரத்தில் ஒரு விதி இருக்கிறது: 1280x720, 1920x1080 போன்ற டிவி அளவுகளில் படம் அனுப்பினால், வேறு தகவல் இல்லாத பட்சத்தில் லிமிடெட் ரேஞ்ச் என்றே கொள்ள வேண்டும். 1366x768, 1680x1050 போன்ற கம்ப்யூட்டர் அளவுகளுக்கு ஃபுல் ரேஞ்ச்.

பிரச்சினை புரிகிறதல்லவா? இன்று கடையில் கிடைக்கும் சாதாரண மானிட்டர்களில் பெரும்பாலானவை 1920x1080. அதாவது டிவியின் அளவு. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "எதிரில் இருப்பது டிவி" என்று முடிவு செய்து 0-ஐ 16 ஆகவும் 255-ஐ 235 ஆகவும் சுருக்கி அனுப்புகிறது. மானிட்டரோ தனக்கு வருவது கம்ப்யூட்டர் சிக்னல் என்று நினைத்துக் கொண்டு, 16 என்று வந்ததை 16 ஆகவே காட்டுகிறது. கறுப்பு சாம்பலாகிறது, வெள்ளை மங்குகிறது.

டிரைவர் எழுதியவரைக் கேட்டால் நான் தரத்தின்படிதான் அனுப்புகிறேன் என்பார். மானிட்டர் தயாரித்தவரைக் கேட்டால் கம்ப்யூட்டர் மானிட்டருக்கு எதற்கு டிவி சிக்னல் என்பார். என்னைக் கேட்டால் டிரைவர் பக்கம்தான் தவறு அதிகம். தான் என்ன அனுப்புகிறோம் என்பதை மாற்றிக் கொள்ள ஒரு வழியைப் பயனாளருக்குப் பல ஆண்டுகள் தராமல் இருந்ததை எந்தத் தரத்தைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

எவ்வளவு நஷ்டம்?

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். சுருக்கும்போது எந்த எண்ணையும் 219-ஆல் பெருக்கி, 255-ஆல் வகுத்து, 16-ஐக் கூட்டுகிறார்கள். 128 என்ற நடுத்தர எண் இப்படிப் போட்டால் 126 ஆகிறது. மாற்றமே இல்லை எனலாம். அதனால்தான் முகங்கள், புல்வெளி, வானம் எல்லாம் ஏறக்குறையச் சரியாகவே தெரிகின்றன; நாமும் சந்தேகப்படுவதில்லை. அடி வாங்குவது இரண்டு ஓரங்களும்தான்.

1000-க்கு 1 கான்ட்ராஸ்ட் உள்ள ஒரு மானிட்டரை எடுத்துக் கொள்ளுங்கள். வழக்கமான 2.2 காமாவில் வெள்ளை 235-ல் நின்றுவிட்டால் வெளிச்சம் சுமார் 84 சதவீதமாகக் குறைகிறது. கறுப்பு 16-ல் தொடங்கினால் அது இருக்க வேண்டியதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சமாகிறது. இரண்டையும் சேர்த்தால் கான்ட்ராஸ்ட் 260-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கி விடுகிறது. 1000 என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்துக் காசு கொடுத்தோம், கைக்கு வந்தது கால்வாசி! கூடவே 256 படிகள் 220 ஆகக் குறைவதால், மெல்ல மெல்ல மாறும் வானம் போன்ற இடங்களில் பட்டை பட்டையாகக் கோடு விழும்.

சோதித்துப் பாருங்கள்

இதற்கு எந்த சாப்ட்வேரும் தேவையில்லை, விண்டோஸிலுள்ள பெயின்ட் போதும். திரை அளவுக்கு ஒரு படம் திறந்து முழுக்கக் கறுப்பால் நிரப்புங்கள். எடிட் கலர்ஸ் பகுதியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 4 என்று கொடுத்து ஒரு கட்டம் வரையுங்கள். அதே போல 8, 12, 16, 20 என்று பக்கத்தில் பக்கத்தில் கட்டங்கள். இன்னொரு படத்தில் வெள்ளைப் பின்னணியில் 235, 240, 245, 250 கட்டங்கள். சேமித்துக் கொண்டு, அறை விளக்கை அணைத்து, எஃப்11 அழுத்தி முழுத்திரையில் பாருங்கள்.

நிலை ஒன்று: எல்லாக் கட்டங்களும் தெளிவாகத் தெரிகின்றன, ஆனால் பின்னணியே சாம்பலாக இருக்கிறது. இதுதான் நண்பருக்கு வந்த குறை. டிரைவர் சுருக்கி அனுப்புகிறது, மானிட்டர் விரிக்கவில்லை.

நிலை இரண்டு: கறுப்பு நல்ல கறுப்பு, ஆனால் 16 வரையுள்ள கட்டங்கள் கண்ணுக்கே தெரியவில்லை, வெள்ளைப் பக்கமும் 240-க்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இது நேர் எதிர்க் குறை. டிரைவர் முழுதாக அனுப்புகிறது, எதிரிலுள்ள டிவி அதை லிமிடெட் என்று நினைத்து இழுத்து விரிக்கிறது. டிவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்திருக்கும் வீடுகளில் இது அதிகம்.

நிலை மூன்று: பின்னணி ஆழ்ந்த கறுப்பு, 4 அல்லது 8 கட்டம் உற்றுப் பார்த்தால் லேசாகத் தெரிகிறது. உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

பின்னணி சாம்பலா, அல்லது அந்த மானிட்டரின் கறுப்பே அவ்வளவுதானா என்று சந்தேகமா? எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றுங்கள். "நோ சிக்னல்" என்று எழுத்து வரும்போது அதைச் சுற்றியுள்ள கறுப்பை மானிட்டர் தானே வரைகிறது. அதில் டிரைவருக்கு வேலையில்லை. அந்தக் கறுப்பு பெயின்ட்டில் பார்த்த கறுப்பை விட ஆழமாக இருந்தால், கோளாறு வரும் சிக்னலில்தான்.

இன்னொரு உபாயம். பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்து அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். டிரைவர் சுருக்குவது படம் கேபிளுக்குள் இறங்கும் கடைசி நிமிடத்தில். ஆகவே ஸ்கிரீன்ஷாட்டில் இந்தக் குறை பதிவாவதே இல்லை. அங்கே படம் பளிச்சென்று இருந்தால் டிரைவர், மானிட்டர் இரண்டையும் சந்தேகியுங்கள். அங்கேயும் வெளிறித் தெரிந்தால் கோளாறு படத்திலோ அதைத் திறந்த சாப்ட்வேரிலோ இருக்கிறது. மொபைலில் திரையைப் படம் எடுத்து அனுப்பி அபிப்பிராயம் கேட்பதில் மட்டும் பலனில்லை. மொபைல் கேமரா வெளிச்சத்தைத் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைத்து விடும்.

டிரைவரில் மாற்றுவது

என்விடியா கார்டு இருந்தால் டெஸ்க்டாப்பில் வலது க்ளிக் செய்து என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறங்கள். டிஸ்பிளே தலைப்பின் கீழ் சேஞ்ச் ரெசல்யூஷன் என்பதைத் தேர்வு செய்யுங்கள். கீழே "யூஸ் என்விடியா கலர் செட்டிங்ஸ்" என்பதை க்ளிக் செய்தால் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்ற பெட்டி உயிர் பெறும். அதில் ஃபுல் கொடுத்து அப்ளை செய்யுங்கள். 2015-க்குப் பிறகு வந்த டிரைவர்களில் இந்த வசதி இருக்கிறது.

ஏஎம்டி கார்டில் அட்ரினலின் சாப்ட்வேரைத் திறந்து, செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதிக்குச் செல்லுங்கள். பிக்சல் ஃபார்மட் என்று இருக்கும். இங்கே ஆர்ஜிபி 4:4:4 என்பது இரண்டு முறை வரும். ஒன்று பிசி ஸ்டாண்டர்டு, ஃபுல் ஆர்ஜிபி. மற்றது ஸ்டுடியோ, லிமிடெட் ஆர்ஜிபி. மானிட்டருக்கு முதலாவது. ஒய்சிபிசிஆர் என்று தொடங்கும் எதுவும் மானிட்டருக்கு வேண்டாம்.

இன்டெல் உள்ளமை கிராபிக்ஸ் உள்ளவர்கள், இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டரில் டிஸ்பிளே பகுதியில் குவான்டைசேஷன் ரேஞ்ச் என்பதைத் தேடுங்கள். டிஃபால்ட், ஃபுல், லிமிடெட் என மூன்று இருக்கும். ஃபுல் கொடுங்கள். பழைய கம்ப்யூட்டர்களில் உள்ள இன்டெல் எச்டி கிராபிக்ஸ் கன்ட்ரோல் பேனலிலும் இதே பெயரில் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் எவருக்கும் இதுதான் என்று தோன்றாது. என் பார்வையில் மூன்று கம்பெனிகளிலும் மோசமான பெயர் இதுவே.

லினக்ஸ் கதை கொஞ்சம் சுவையானது. 2013 ஏப்ரலில் வந்த லினக்ஸ் 3.9 கெர்னல் வரை இன்டெல் டிரைவர் ஃபுல் ரேஞ்சையே அனுப்பி வந்தது. 3.9-ல் "ஆட்டோமேட்டிக்" என்று ஒன்றைச் சேர்த்து, தரத்தின்படி டிவி அளவு என்றால் லிமிடெட் என்று ஆக்கினார்கள். அதுவரை சரியாக இருந்த மானிட்டர்கள் அப்டேட் செய்த மறுநாள் வெளிறிப் போயின. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுக்கப்பட்டது. அந்த லேப்டாப்புகளில் ஸ்கிரீன் போனதை எறிய மனமில்லாமல் வெளி மானிட்டரில் இணைத்து, புதிய லினக்ஸ் ஏதாவது ஏற்றி ஓட்டுகிறவர்கள் உண்டு. எச்டிஎம்ஐ துளை உள்ள மெஷின் என்றால் இந்தக் குறையைக் கட்டாயம் கவனியுங்கள்.

லினக்ஸில் இந்த செட்டிங்கின் பெயர் பிராட்காஸ்ட் ஆர்ஜிபி. பழைய எக்ஸ் விண்டோ சூழலில் டெர்மினலைத் திறந்து எக்ஸ்ரேண்டர் கட்டளையை "பிராப்" என்ற விருப்பத்தோடு கொடுத்தால், உங்கள் எச்டிஎம்ஐ துளையின் பெயரும் பிராட்காஸ்ட் ஆர்ஜிபியின் தற்போதைய நிலையும் தெரியும். பிறகு அதே கட்டளையில் "அவுட்புட்" விருப்பத்துக்குத் துளையின் பெயரையும், "செட்" விருப்பத்துக்கு பிராட்காஸ்ட் ஆர்ஜிபி, ஃபுல் என்ற இரண்டையும் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்தால் இது போய்விடும் என்பதால் லாகின் ஆகும்போது தானே ஓடும்படி ஸ்டார்ட்அப் பட்டியலில் சேர்த்து விடுங்கள். கேடிஇ பிளாஸ்மாவில் 2021-ல் வந்த 5.23 பதிப்பிலிருந்து, வேலேண்ட் சூழலில் இன்டெல் டிரைவருக்கு டிஸ்பிளே செட்டிங்ஸிலேயே ஆர்ஜிபி ரேஞ்ச் என்று வைத்து விட்டார்கள். கட்டளை எதுவும் வேண்டாம்.

டிரைவரில் அந்த வசதியே இல்லையென்றால்?

பழைய என்விடியா டிரைவரோடு மாட்டிக் கொண்டவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. சேஞ்ச் ரெசல்யூஷன் பட்டியலை உற்றுப் பாருங்கள். மேலே எச்டி, எஸ்டி என்று ஒரு குழுவும், கீழே பிசி என்று இன்னொரு குழுவும் இருக்கும். 1920x1080 இரண்டிலும் இருக்கக் கூடும். பிசி குழுவில் உள்ளதைத் தேர்வு செய்தால் ஃபுல் ரேஞ்ச் போகும். பிசி குழுவில் அது இல்லையென்றால் கஸ்டமைஸ் பட்டனை அழுத்தி, 1920x1080-ஐ 59 ஹெர்ட்ஸ் என்று புதிதாக ஒன்று உருவாக்கிச் சோதித்துப் பாருங்கள். டிவிப் பட்டியலில் உள்ள அளவோடு அது ஒத்துப் போகாததால் டிரைவர் இதைக் கம்ப்யூட்டர் அளவு என்று எடுத்துக் கொள்ளும். டிரைவரை ஏமாற்றுகிறோம், அவ்வளவுதான்.

இதை விட எளிய வழி கேபிளை மாற்றுவது. மானிட்டரில் டிவிஐ துளை இருந்தால், ஒரு பக்கம் எச்டிஎம்ஐ மறுபக்கம் டிவிஐ உள்ள கேபிள் ஒன்று வாங்கிப் போடுங்கள். டிவிஐ துளை தன்னை எச்டிஎம்ஐ டிவியாக அறிமுகம் செய்து கொள்ளாது, எனவே டிரைவரும் சுருக்காது. விஜிஏவிலும் இந்தப் பிரச்சினை இல்லை, எழுத்தின் கூர்மை சற்றுக் குறையலாம். நண்பரின் பழைய மானிட்டரில் கறுப்பு சரியாக இருந்ததற்கு ரகசியம் இதுதான், மானிட்டரின் பெருமை அல்ல.

மானிட்டரின் சொந்த மெனுவையும் ஒரு பார்வை பாருங்கள். எச்டிஎம்ஐ பிளாக் லெவல், ஆர்ஜிபி ரேஞ்ச், இன்புட் கலர் ஃபார்மட் என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். டிவி என்றால் சில மாடல்களில் அந்த எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரை "பிசி" என்று மாற்றினாலே போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இரு முனைகளும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். டிவி லிமிடெட்டை எதிர்பார்த்தால் டிரைவரும் லிமிடெட் அனுப்பட்டும், கறுப்பு சரியாகவே வரும். இங்கே படித்துவிட்டு டிவிக்கும் ஃபுல் என்று மாற்றினால் நிலை இரண்டில் போய் நிற்பீர்கள்.

பிரைட்னஸைத் திருகாதீர்கள்

கறுப்பு வெளிறினால் பலரும் முதலில் செய்வது பிரைட்னஸைக் குறைப்பது. பழைய பிக்சர் டியூப் மானிட்டரில் அது சரியான வைத்தியம், ஏனெனில் அங்கே பிரைட்னஸ் என்பது கறுப்பின் அளவையே ஏற்றி இறக்கியது. எல்சிடியில் அந்தப் பட்டன் பின்னாலுள்ள விளக்கைக் குறைக்கிறது. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தே இருண்டு போகும், வெளிறல் அப்படியே இருக்கும். டிரைவரில் உள்ள பிரைட்னஸ், காமா ஸ்லைடர்களும் உதவாது. அவை சுருக்குவதற்கு முன் வேலை செய்பவை. எவ்வளவு இழுத்தாலும் 16-க்குக் கீழே போகாது.

பார்ப்பதற்கு இதைப் போலவே இருக்கும் வேறு குறைகளும் உண்டு. டெஸ்க்டாப் நன்றாக இருந்து, வீடியோ மட்டும் வெளிறினால், என்விடியா கன்ட்ரோல் பேனலில் அட்ஜஸ்ட் வீடியோ கலர் செட்டிங்ஸில் இருக்கும் டைனமிக் ரேஞ்சை 0-255 ஆக்குங்கள். இது வீடியோவுக்கு மட்டுமான தனி செட்டிங், மேலே சொன்னதோடு குழப்பிக் கொள்ள வேண்டாம். விண்டோஸ் போட்டோ வியூவரில் மட்டும் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் அது மானிட்டரின் கலர் புரொஃபைல் கெட்டுப் போனதன் அடையாளம். கலர் மேனேஜ்மென்ட்டில் அந்தப் புரொஃபைலை நீக்கி எஸ்ஆர்ஜிபியைச் சேருங்கள். கறுப்பில் சிவப்பு எழுத்து கலங்கலாகத் தெரிந்தால் டிரைவர் 4:2:0 அல்லது 4:2:2 வடிவில் அனுப்புகிறது என்று பொருள். 4:4:4 ஆக மாற்றுங்கள்.

திருப்பூர், கரூர், சென்னிமலை, சிறுமுகை என்று துணி சார்ந்த டிசைன் வேலை செய்யும் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேற்கண்ட எல்லாம் சரி செய்த பிறகும் மானிட்டரைப் பார்த்து ஷேடு முடிவு செய்யாதீர்கள். பான்டோன் துணி அட்டையும், லேப் டிப்பும், டி65 விளக்குப் பெட்டியும் இருப்பது அதற்காகத்தான். ஆனால் எந்த நிழலுக்குப் பக்கத்தில் எந்த நிறம் பிரிந்து தெரிகிறது என்பதைத் திரையில்தான் பார்க்கிறோம். அதற்குத் திரையின் 0 உண்மையிலேயே 0 ஆக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு தொந்தரவு. டிரைவரைப் புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது இந்த செட்டிங் பழைய நிலைக்குத் திரும்பி விடலாம். விண்டோஸ் அப்டேட் சொல்லாமலே டிரைவரை மாற்றுவதும் உண்டு. நண்பருக்கு மூன்று மாதத்தில் ஒரு முறை இப்படி ஆயிற்று. இப்போது அந்தப் பெயின்ட் படம் அவர் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கிறது. பெரிய ஆர்டர் டிசைனைத் திறக்கும் முன் அதை ஒரு முறை திறந்து 8 கட்டத்தைப் பார்த்துக் கொள்கிறார்.